கோடை அறிக்கையின் கடைசி வரி

நேயர்களுக்கு வணக்கம்.

கோடை தொடங்கும்போதே இந்திய வானிலை ஆய்வுத் துறை நாடு முழுவதற்குமான முன்னோட்டத்தை வெளியிட்டுவிடும். மார்ச் முதல் மே வரைக்கு ஒன்று, அப்புறம் ஏப்ரல் முதல் ஜூன் வரைக்கு ஒன்று. அதிலிருந்து 'இந்த ஆண்டு வெயில் அதிகம்' என்கிற ஒரு வரிதான் பெரும்பாலும் நம் காதுக்கு வந்து சேர்கிறது. ஆனால் ஊருக்கு ஊர் கோடையின் ஆபத்து வேறு.

ராஜஸ்தானை எடுத்துக்கொள்ளுங்கள். 2016 மே 19 அன்று பலோடியில் 51 டிகிரி செல்சியஸ் பதிவானது. அங்கே அடிப்பது வறண்ட அனல் காற்று. வேர்வை துளிர்த்த உடனே காய்ந்துவிடுவதால், உடம்பில் நீர் வற்றுவதே தெரியாது. கிழக்கே மேற்கு வங்கம், ஜார்க்கண்ட், ஒடிசா பக்கம் போனால் பகலெல்லாம் கொளுத்திவிட்டு, சாயங்காலம் இடியும் சூறைக்காற்றுமாக இறங்கும். வயலில் வேலை செய்கிறவர்களுக்கு அங்கே வெயிலைவிட மின்னல்தான் எமன். உத்தராகண்ட் மலைகளில் பைன் மரத்தின் ஊசி இலைகள் காய்ந்து மெத்தை போலக் கிடக்கும். ஒரு பொறி போதும். காட்டுத்தீ நமக்கும் புதிதல்ல. 2018 மார்ச்சில் தேனி மாவட்டம் குரங்கணியில் மலையேறப் போனவர்கள் தீயில் சிக்கி இறந்ததை யாரும் மறந்திருக்க முடியாது.

சரி, நம் கடற்கரைக்கு வருவோம். சென்னையில் மே மாத வெயிலை அடக்குவது கடற்காற்று. மதியம் அது உள்ளே வந்துவிட்டால் வெப்பம் இறங்கத் தொடங்கும். மேற்கிலிருந்து வரும் தரைக்காற்று பலமாக இருந்தால் கடற்காற்று தாமதமாகும். அன்றைக்கு 40ஐத் தாண்டும். 2003 மே 31 அன்று நுங்கம்பாக்கத்தில் 45 டிகிரி வரை போனது. வங்கக் கடலில் ஒரு புயல் உருவாகி ஒடிசாவையோ வங்கத்தையோ நோக்கிப் போகும்போதும் இதே கதை நடக்கும். நாம் மழைக்குக் காத்திருப்போம். புயலோ ஈரத்தை இழுத்துக்கொண்டு போய், நமக்குத் தரைக்காற்றை விட்டுவைக்கும்.

இங்கே ஒரு விஷயத்தை அழுத்திச் சொல்ல வேண்டும். வெப்ப அலை என்று அறிவிக்க அளவுகோல் உண்டு. சமவெளியில் 40 டிகிரி, கடலோரத்தில் 37, மலையில் 30. அதோடு இயல்பைவிட 4.5 டிகிரியாவது கூடியிருக்க வேண்டும். சென்னையில் மே மாத இயல்பே 37, 38 என்றிருக்கும். அப்படியென்றால் 42ஐ ஒட்டிப் போனால்தான் இங்கே வெப்ப அலை. 38 டிகிரியும் கடும் புழுக்கமும் சேர்ந்த நாளில் அந்த அறிவிப்பு வராது. ஆனால் அந்த ஈரக் காற்றில் வேர்வை காயாது, உடம்பு குளிராது. கான்கிரீட் கலவை தூக்கும் சித்தாளுக்கும், தகரக் கூரைக்குக் கீழே சமைக்கிறவருக்கும் அதுவும் உயிர்போகும் நாள்தான்.

சென்னை வானிலை மையத்தின் அறிக்கையில், அதிக வெப்பமும் அதிக ஈரப்பதமும் சேர்ந்து அசௌகரியம் ஏற்படலாம் என்று ஒரு வரி வரும். தினமும் கேட்டுக் கேட்டுப் பழகி அதை விட்டுவிடுகிறோம். தயவுசெய்து விடாதீர்கள். கூடவே குறைந்தபட்ச வெப்பநிலையையும் பாருங்கள். இரவிலும் 29, 30க்குக் கீழே இறங்காவிட்டால், பகல் பட்ட சூட்டிலிருந்து உடம்பு தேற நேரமே கிடைக்காது. அடுத்தடுத்து இப்படி மூன்று இரவுகள் போனால் வயதானவர்கள் தாங்கமாட்டார்கள்.

2010 மே மாத வெயிலில் ஏராளமானவர்களை இழந்த அகமதாபாத், 2013இல் வெப்பச் செயல்திட்டம் ஒன்றைக் கொண்டுவந்தது. முன்னறிவிப்பு வந்ததும் மருத்துவமனைகள் தயாராகும், தண்ணீர்ப் பந்தல் வைப்பார்கள், மக்களுக்குச் செய்தி போகும். தமிழ்நாடும் 2024இல் வெப்ப அலையை மாநிலப் பேரிடராக அறிவித்திருக்கிறது. நல்ல முடிவு. ஆனால் வேலை நேரத்தை மாற்றுவது மேஸ்திரி கையிலும் முதலாளி கையிலும்தான் இருக்கிறது. காலை 6 மணிக்குத் தொடங்கி 11 மணிக்கு நிறுத்துங்கள். மிச்சத்தைச் சாயங்காலம் பார்த்துக்கொள்ளலாம். அந்த இடைவேளைக்குக் கூலியைப் பிடிக்காதீர்கள். பிடித்தால் யாரும் நிழலுக்குப் போகமாட்டார்கள்.

கூட வேலை செய்கிறவர் பேச்சு குழறினாலோ, தடுமாறினாலோ, உடம்பு அனலாய்க் கொதித்தாலோ, 'கொஞ்சம் உட்காரட்டும்' என்று விட்டுவிடாதீர்கள். உடனே 108ஐ அழையுங்கள். நிழலுக்குத் தூக்கிப்போய், உடம்பு முழுக்கத் தண்ணீர் ஊற்றி விசிறுங்கள். நினைவில்லாதவர் வாயில் மட்டும் எதையும் ஊற்றாதீர்கள்.

நன்றி, வணக்கம்.