உழுதவன் கணக்கு யார் கையில்?

பெருமதிப்பிற்குரிய அவைத்தலைவர் அவர்களே, வட்டார நூலகர் அவர்களே, வயல்வேலையைப் பாதியில் விட்டு வந்திருக்கும் உழவர் பெருமக்களே, தாய்மார்களே! கைத்தறித் துண்டு போர்த்திச் சிறப்பித்த வாசகர் வட்டத்தாருக்கு என் நன்றி.

இடைக்கால இங்கிலாந்தின் நிலம், உழைப்பு, ஆவணம் மூன்றையும் பேசுவதாகச் சொல்லியிருந்தேன். "உழுதவன் கணக்குப் பார்த்தால் உழக்குக்கூட மிஞ்சாது" என்பார்கள். அங்கே உழுதவன் கணக்குப் பார்க்கவே முடியாது. அது நிலக்கிழாரான பிரபு நடத்திய பண்ணை நீதிமன்றத்தின் தோல்சுருளில், அதாவது தோலில் எழுதிச் சுருட்டிய பதிவேட்டில் இருந்தது. வாரத்தில் இரண்டு மூன்று நாள் பிரபுவின் வயலில் கூலியில்லா வேலை. மகளுக்குக் கல்யாணம் என்றால் பிரபுவுக்குப் பணம். குடும்பத் தலைவன் செத்தால், இருப்பதில் நல்ல மாட்டை எழவு வீட்டிலிருந்து ஓட்டிப் போவார்கள்!

செயின்ட் ஆல்பன்ஸ் ஊரில் நிலக்கிழார் ஒரு கிறித்தவ மடம். மடத்து ஆலையில்தான் தானியம் அரைக்க வேண்டும். அரைத்ததில் மடத்துக்குப் பங்கு. ஊரார் வீட்டில் திருகை வைத்துக்கொண்டார்கள். 1330-களில் மடாதிபதி ரிச்சர்டு, வானியல் கடிகாரம் வடிவமைத்த பேரறிவாளர், அந்தத் திருகைகளைப் பறிமுதல் செய்தார். செய்து எங்கே வைத்தார்? மடத்துக் கூடத்தில் தரையாகப் பதித்தார்! தாய்மார்களே, உங்கள் அம்மியைப் பிடுங்கி, உங்கள் மகன் மிதித்து நடக்கிற தரையில் பதித்தால் வயிறு எரியாதா? ஐம்பது ஆண்டு ஊர் மறக்கவில்லை. 1381-இல் தலைவரி தாங்காமல் குடியானவர்கள் கிளர்ந்தபோது, வில்லியம் கிரிண்ட்காப் தலைமையில் புகுந்த மக்கள் தரையைப் பெயர்த்தார்கள். கல்லை உடைத்து, தேவாலயத்தில் அப்பம் பகிர்வதைப் போல ஆளுக்கொரு துண்டு கொண்டு போனார்கள்.

அத்தோடு விடவில்லை. மடத்தின் பத்திரங்களைக் கேட்டு வாங்கி எரித்தார்கள். கிரிண்ட்காப்பைத் தூக்கிலிட்டது அரசு. ஆனால் அதற்கு முன்பே, 1348-49 கொள்ளைநோயிலிருந்தே, ஆள் பஞ்சம். பிரபுக்கள் இறங்கிவர வேண்டியிருந்தது. காலப்போக்கில் சுருளிலுள்ள பதிவின் நகல் குடியானவன் கைக்கே வந்தது. அதுவே அவன் நில உரிமைக்குச் சான்றாயிற்று.

அந்த நகலைத்தான் நான் மேடைதோறும் கேட்கிறேன். நம் மாநிலத்தில் குத்தகை உரிமைப் பதிவுச் சட்டம் 1969-லேயே வந்துவிட்டது. ஆனாலும் அந்தப் பதிவில் பெயர் ஏறாமல் வாய்ச்சொல்லை நம்பி உழுகிற குத்தகைக்காரர், வெள்ளத்தில் பயிர் போனால் நிவாரணத்துக்கு எந்தக் காகிதத்தை நீட்டுவார்? உழுதவன் கணக்குப் பார்ப்பது இருக்கட்டும், கணக்கில் முதலில் அவன் பெயர் வேண்டாமா?

அந்தப் பதிவுக்கான மனுப் படிவங்கள் வாசல் மேசையில் இருக்கின்றன. குத்தகைக்கு உழுகிற ஒவ்வொருவரும் வாங்கிச் செல்லுங்கள். எழுதத் தெரியாதவர்களுக்கு நானே உட்கார்ந்து எழுதித் தருகிறேன். வணக்கம்.