வளவுக்குள் வருகிறவர்கள்: வீட்டைச் சுற்றிப் படமெடுப்பது எப்படி?

[காட்சி: கிணற்றடி. வாழை நிழலில் ஒரு மண்சட்டி. புலுனிக் (தவிட்டுக்குருவி) கூட்டம் இறங்குகிறது.]

வணக்கம். பறவைப் படம் என்றாலே "என்னட்டைப் பெரிய லென்ஸ் இல்லையே" என்பார்கள். யாழ்ப்பாணத்தில் லென்ஸுக்கு முதல் தேவை ஒரு மண்சட்டி. குடாநாட்டில் வருடம் முழுக்க ஓடும் ஆறு கிடையாது. பெய்கிற மழை சுண்ணாம்புக் கல்லுக்குள் இறங்கிவிடும். நாங்கள் கிணற்றில் அள்ளிக் குடிப்போம், புலுனி என்ன செய்யும்? தென்மேற்குக் காற்றான சோளகம் வீசும் மாதங்களில் குளங்கள் வற்றிப்போக, ஈரம் எங்கே தெரிகிறதோ அங்கே வந்துவிடும்.

சட்டி அகலமாக இருக்கட்டும், தண்ணீர் இரண்டு விரல் ஆழம் போதும். நடுவில் ஒரு கல் வையுங்கள். தினமும் தண்ணீரை மாற்றுங்கள், இல்லாவிட்டால் பறவைக்குப் பதிலாக டெங்கு நுளம்பைத்தான் வளர்ப்பீர்கள்.

[காட்சி: குசினி யன்னலுக்குள்ளிருந்து சட்டியைப் பார்க்கும் கோணம்.]

நல்ல மறைவிடம் குசினி யன்னல்தான். வீட்டுக்குள் ஆள் நடமாடுவது பறவைக்குப் பழகிப்போன விஷயம், முற்றத்தில் ஒருவர் குந்தியிருப்பதுதான் பயம். ஆனால் யன்னல் உயரத்திலிருந்து எடுத்தால் முதுகுதான் விழும். அதனால் சட்டியை ஒரு மேசை உயரத்துக்குத் தூக்கி வையுங்கள், கண்ணுக்கு நேர் கண் கிடைக்கும். பின்னால் பூவரசம் வேலி இருந்தால் பச்சை கரைந்து நிற்கும். தகரம் என்றால் பழைய கிடுகு ஒன்றைச் சாத்திவிடுங்கள்.

போனில் எடுப்பவர்கள் போனைச் சட்டிக்குக் கிட்ட ஒரு செங்கல்லில் சாய்த்து, சட்டி நடுவில் இருக்கும் கல்லில் ஃபோகஸைப் பூட்டிவிட்டு, புளூடூத் பொத்தானோடு தள்ளி இருங்கள். வருகிற குருவி கல்லில்தான் இருக்கும். கொண்டைக்குருவி முதலில் தலையை மட்டும் தோய்க்கும், சுற்றிப் பார்க்கும், பிறகு முழுதாய் இறங்கி இறகை உதறும். அந்த உதறலில் துளிகள் தனித்தனியாக நிற்க ஷட்டர் திறந்து மூடும் வேகம் 1/1000 செக்கனாவது வேண்டும்.

வெளிச்சம் பற்றி ஒரு விஷயம். சித்திரை வருடப்பிறப்பை ஒட்டி, ஏப்ரல் நடுவில், நண்பகலில் சூரியன் எங்கள் உச்சந்தலைக்கு நேர் மேலே நிற்கும். ஓகஸ்ட் கடைசியிலும் அப்படித்தான். அந்த நேரத்தில் எடுத்தால் பறவையின் கண் இருண்ட குழியாகிவிடும். காலை எட்டரைக்குள் முடித்துவிட்டு நிழலில் இருங்கள். சோளகக் காலத்தில் வேறொரு காரணமும் உண்டு: வெயில் ஏற ஏறக் காற்றும் ஏறும், செவ்வரத்தையில் தேன்சிட்டு இருந்தாலும் கிளை நிற்காது.

[காட்சி: மழை. தேசி மரத்து இலை, மிக அருகில்.]

மாரி தொடங்கியதும் தண்ணீர்ச் சட்டிக்கு வேலை இல்லை. இப்போது இலைகளைப் பாருங்கள். முருங்கையில் மயிர்க்கொட்டி அப்பியிருக்கும். தள்ளி நின்று எடுங்கள், உரோமம் பட்டால் தோல் அரிக்கும். என் ஆசை தேசி மரத்தில்தான். இளம் இலையில் குருவி எச்சம் போலக் கறுப்பும் வெள்ளையுமாய் ஒன்று ஒட்டியிருக்கும். அது எச்சமில்லை, வண்ணத்துப்பூச்சியின் புழு. வளர்ந்ததும் தோலுரித்துப் பச்சையாகிவிடும். சீண்டினால் தலைக்குப் பின்னால் சிவந்த கவர்க் கொம்பு ஒன்று நீண்டு மணக்கும். படத்துக்காக ஒருமுறை சீண்டலாம், திரும்பத் திரும்ப வேண்டாம்.

கூட்டுப்புழுவானதும் தினமும் மாலையில் போய்ப் பாருங்கள். ஒரு மாலை கூட்டின் ஓடு கண்ணாடி போலத் தெளிந்து, உள்ளே இறக்கையின் கறுப்பும் மஞ்சளும் தெரியும். அன்றிரவே கமரா முக்காலியை நிறுத்திவிட வேண்டும், பெரும்பாலும் மறுநாள் காலையில் வெளியே வந்துவிடும். கசங்கிய இறக்கை மெல்ல விரிந்து காயும்வரை அதனால் பறக்க முடியாது. போனுக்குக்கூட அவ்வளவு பொறுமையாக நிற்கும் வண்ணத்துப்பூச்சி வேறு நேரத்தில் கிடைக்காது. இதெல்லாம் மரத்துக்குப் பூச்சிமருந்து அடிக்காத வளவில்தான் நடக்கும்.

[காட்சி: கோடிப்புறம். காய்ந்த மாவிலைச் சருகு.]

இதே மழைக்காலத்தில்தான் ஆறுமணிக்குருவியும் வரும். இமயமலை அடிவாரத்திலும் மத்திய இந்தியாவிலும் குஞ்சு பொரித்துவிட்டு, ஒக்டோபர் அளவில் இலங்கைக்கு இறங்கும். பச்சை முதுகு, தோளில் நீலம், வாலடியில் சிவப்பு. இவ்வளவு நிறத்தோடும் சருகுக்குள் மறைந்துவிடும். விடியலிலும் மைம்மலிலும் குரல் கொடுக்கும்போது திசையைக் குறித்துக்கொள்ளுங்கள். இலையைப் புரட்டிப் பூச்சி தேடும் பறவை இது, வளவை வழித்துக் கூட்டினால் வராது. எங்கள் வீட்டில் இதில்தான் சண்டை. "உதென்ன குப்பை, கூட்டித் தள்ளு பிள்ளை" என்பார் அம்மா. கோடிப்புறத்து மாமரத்தடி மட்டும் பேசிப்பேசித் தப்பியிருக்கிறது. அங்கே இருட்டு, ஆனால் இந்தக் குருவி இரண்டு தத்து தத்திவிட்டு அசையாமல் நிற்கும். நிற்கிற கணத்தில் ஷட்டர் வேகம் 1/125 செக்கன் போதும்.

மழைக்காலத்தில் கமராவை அலமாரிக்குள் அப்படியே போடாதீர்கள், லென்ஸில் பூஞ்சணம் பிடிக்கும். காற்றுப் புகாத டப்பாவில் சிலிக்கா ஜெல்லோடு வையுங்கள்.

[காட்சி: வேலியோரக் கிளை, தூரத்திலிருந்து.]

கடைசியாக, கூடு. வளவில் கூடு கண்டால் கிட்டப் போகாதீர்கள், மறைக்கிற இலையை ஒதுக்கவும் வேண்டாம். நீங்கள் எட்டிப் பார்ப்பதை மதிலில் இருக்கிற காகம் பார்த்துக்கொண்டிருக்கும். நீங்கள் உள்ளே போனதும் அது வந்து பார்க்கும். முட்டையும் போகும், குஞ்சும் போகும். தாய் இரை எடுத்துவந்து இறங்கும் கிளையைத் தூரத்திலிருந்து எடுங்கள், அதுவே நல்ல படம்.