முதலில் ஐஸ் தொட்டி, அப்புறம்தான் ஆம்புலன்ஸ்! அத்லெட்டிக் டிரெய்னர்கள் ஏன் படிப்பை நிறுத்துவதே இல்லை?

2023 ஜனவரி 2, சின்சினாட்டி மைதானம். பஃபலோ பில்ஸ் என்ற அமெரிக்கக் கால்பந்து (அமெரிக்கன் ஃபுட்பால்) அணியின் வீரர் டமார் ஹாம்லின் எதிரணி ஆளை மடக்குகிறார், எழுந்து நிற்கிறார், அப்படியே மல்லாந்து விழுகிறார். இதயம் நின்றுவிட்டது. அவர் நெஞ்சை அழுத்தி சிபிஆர் கொடுத்தவர் டென்னி கெல்லிங்டன். அவர் டாக்டர் இல்லை, அணியின் உதவி அத்லெட்டிக் டிரெய்னர். ஹாம்லின் பிழைத்தார், அதே ஆண்டு மறுபடி களத்திலும் இறங்கினார்!

வணக்கம் நண்பர்களே. பின்னணியை வேகமாக முடித்துவிடுவோம். அத்லெட்டிக் டிரெய்னர் என்றால் ஜிம்மில் தண்டால் எடுக்கச் சொல்பவர் அல்ல. அமெரிக்காவில் இது மருத்துவத் துறையைச் சேர்ந்த வேலை. படித்து, தேர்வெழுதிச் சான்றிதழ் வாங்க வேண்டும். வாங்கினாலும் இரண்டு வருடத்துக்கு ஒருமுறை 50 சி.இ.யு., அதாவது சுமார் 50 மணி நேரத் தொடர்கல்வியைக் கணக்கில் காட்ட வேண்டும். சிபிஆர், ஏஇடி (இதயத்துக்கு மின் அதிர்ச்சி கொடுக்கும் கருவி) பயிற்சி எப்போதும் காலாவதி ஆகாமல் இருக்க வேண்டும். ஒமாஹாவில் இருக்கும் சான்றிதழ் வாரியம் இதைக் கண்காணிக்கிறது.

சரி, ஒருமுறை படித்தவர் ஏன் மறுபடி மறுபடி படிக்க வேண்டும்? எனக்கு மிகவும் பிடித்த விஷயத்துக்கு வருகிறேன்: வெயிலில் ஓடிச் சுருண்டு விழுபவரை என்ன செய்வது?

"ஐஸ் தண்ணீரில் போடாதே, தோலில் இருக்கும் ரத்தக்குழாய் சுருங்கிச் சூடு உள்ளேயே மாட்டிக்கொள்ளும்" என்று ஒரு காலத்தில் சொன்னார்கள். கேட்க நியாயமாகத்தான் இருக்கிறது. ஆனால் தவறு! இன்றைய விதி: முதலில் குளிர வை, அப்புறம் ஆஸ்பத்திரிக்கு அனுப்பு.

(திரையில்: பெரிய தொட்டி, மிதக்கும் ஐஸ்)

எப்படிச் செய்கிறார்கள் என்று பாருங்கள். நெற்றி, காது, வாய் எல்லாம் பொய் சொல்லும் என்பதால் ஆசனவாய் வழியாக வெப்பநிலை எடுக்கிறார்கள். 40.5 டிகிரி செல்சியஸைத் தாண்டி, ஆள் குழறவும் ஆரம்பித்தால் கழுத்துவரை தொட்டிக்குள் இறக்குகிறார்கள். தலை முங்காமல் இருக்க அக்குளுக்கு அடியில் ஒரு துண்டைச் சுற்றி ஒருவர் பின்னாலிருந்து பிடித்துக்கொள்கிறார். இன்னொருவர் தண்ணீரை விடாமல் கலக்குகிறார். ஏன் தெரியுமா? கலக்காவிட்டால் உடம்பை ஒட்டிய தண்ணீர் சூடாகி, போர்வை மாதிரி போர்த்திக்கொள்ளும். 38.9-க்கு இறங்கியதும் வெளியே. இவ்வளவும் அரை மணி நேரத்துக்குள்.

மாசசூசெட்ஸில் ஃபால்மவுத் ஓட்டப் பந்தயம் ஆகஸ்ட் வெயிலில் நடக்கும். அங்கே 18 ஆண்டுகளில் 274 பேருக்கு ஹீட் ஸ்ட்ரோக் வந்தது, இந்தத் தொட்டி வைத்தியம்தான் நடந்தது. 274 பேரும் பிழைத்தார்கள்!

இதற்கு நேரெதிரான கதையும் உண்டு. 2018-ல் மேரிலாந்து பல்கலைக்கழக வீரர் ஜோர்டன் மெக்நெயர், வயது 19, பயிற்சியில் சரிந்தார். வெப்பநிலை எடுக்கவில்லை, ஐஸ் தொட்டியில் இறக்கவும் இல்லை. இரண்டு வாரம் கழித்து இறந்துபோனார். சிகிச்சை முறை தெரிந்திருந்தும் ஒரு பிள்ளை போனதை என்னால் ஏற்கவே முடியவில்லை.

அதனால் என் கருத்தை வெளிப்படையாகச் சொல்கிறேன். ஆன்லைனில் ஸ்லைடு தள்ளிச் சேர்க்கும் மணி நேரங்களைக் குறைத்து, கையால் செய்து பார்க்கும் பயிற்சியைக் கூட்ட வேண்டும். 130 கிலோ ஆளைத் தொட்டிக்குள் இறக்க எத்தனை பேர் வேண்டும், யார் எந்தப் பக்கம் பிடிப்பது என்பதைத் தூக்கிப் பார்த்தால்தான் தெரியும்.

தலையில் அடிபட்டவரை நாள்கணக்கில் இருட்டறையில் படுக்கவைப்பதும் இதே மாதிரி மாறிவிட்டது. இப்போது ஓரிரு நாள் ஓய்வு, பிறகு மெதுவாக நடை.

இன்னொன்று: கலிஃபோர்னியாவில் இந்த வேலைக்கு மாநில உரிமம் கொண்டுவரப் பலமுறை மசோதா வந்தும் சட்டமாகவில்லை. எனக்கு இது பெரிய அநியாயமாகப் படுகிறது.

இதைப் பார்க்கும் பி.டி. மாஸ்டர்களே, உங்கள் மைதானத்தில் ஒரு ஆளை முக்கும் அளவுக்குத் தொட்டி இருக்கிறதா? ஐஸ் எங்கிருந்து வரும், எத்தனை நிமிடத்தில் வரும்? கமெண்ட்டில் எழுதுங்கள். தொட்டி இல்லாத இடத்தில் தார்ப்பாயும் ஐஸ் தண்ணீரும் வைத்து எப்படிச் சமாளிப்பது என்று அடுத்த வீடியோவில் செய்தே காட்டுகிறேன்.