காணி எங்களுடையது என்று நாங்களேதான் நிரூபிக்க வேண்டுமா?

வணக்கம் உறவுகளே. இன்று காணி பற்றி இலங்கை அரசு வெளியிட்ட ஒரு வர்த்தமானி அறிவித்தலைப் பற்றிப் பேசப் போகிறேன். சட்ட விடயம் என்று காணொளியை மூடிவிடாதீர்கள். 2009 மே மாதம் முள்ளிவாய்க்காலில் போர் முடிந்ததிலிருந்து எங்கள் மக்கள் எதனோடு மல்லுக்கட்டுகிறார்கள் என்பது அதற்குள் அப்படியே இருக்கிறது.

2025 மார்ச் 28 அன்று அது வெளியானது. யாழ்ப்பாணம், கிளிநொச்சி, முல்லைத்தீவு, மன்னார் ஆகிய மாவட்டங்களில் மொத்தம் 5,940 ஏக்கர். உரிமை உள்ளவர்கள் மூன்று மாதங்களுக்குள் வந்து காட்ட வேண்டும், இல்லாவிட்டால் அரச காணி. 1931ஆம் ஆண்டின் காணி நிர்ணயக் கட்டளைச் சட்டத்தைத் தூசு தட்டி எடுத்திருந்தார்கள்.

கிளிநொச்சியிலிருந்து விசுவமடு, அங்கிருந்து புதுக்குடியிருப்பு, கடைசியில் முள்ளிவாய்க்கால் என்று ஷெல்லுக்குள் ஓடிய ஒரு தாய் கையில் எதைத் தூக்கியிருப்பாள்? பிள்ளையையா, காணி உறுதியையா? உறுதி தப்பியிருந்தாலும் அதில் பெயர் உள்ள பெரியவர் இறந்திருப்பார். உரித்தாளிகளில் ஒருவர் கனடாவில், ஒருவர் சுவிஸில், இன்னொருவர் தமிழ்நாட்டு முகாமில். இவர்கள் எல்லோரும் மூன்று மாதத்தில் எப்படி வந்து சேர்வது?

எதிர்ப்பு எழுந்ததும் அரசு அதை மீளப்பெறுவதாகச் சொன்னது. வழக்கும் போடப்பட்டது. ஜூன் 27 அன்று, கெடு முடியும் தறுவாயில், உச்ச நீதிமன்றம் இடைக்காலத் தடை விதித்தது. பெரிய ஆறுதல்தான். ஆனால் எனக்குக் கோபம் தணியவில்லை. காணியை விட்டு மக்கள் விரும்பியா போனார்கள்? துரத்தப்பட்டவனிடமே ஆதாரம் கேட்பது எந்த ஊர் நியாயம்?

முல்லைத்தீவில் இருக்கும் கேப்பாப்பிலவு மக்களை நினைத்துப் பாருங்கள். போரில் இடம்பெயர்ந்தவர்களை வைத்திருந்த மெனிக் பாம் முகாமை 2012இல் மூடியபோது அவர்களைச் சொந்த ஊருக்கு விடவில்லை. ஊரில் படைமுகாம். அதனால் மாதிரிக் கிராமம் என்ற ஒன்றில் இருத்தினார்கள். தங்கள் கிணறும் தென்னையும் வேலிக்கு அந்தப் பக்கம் தெரிய, இவர்கள் இந்தப் பக்கம். 2017 ஜனவரி 31 அன்று, கேப்பாப்பிலவின் ஒரு பகுதியான பிலவுக்குடியிருப்பின் பெண்கள் விமானப்படை முகாமின் முன்னால் போய் உட்கார்ந்தார்கள். பனியிலும் வெயிலிலும் குழந்தைகளோடு அங்கேயே சமைத்து, அங்கேயே படுத்தார்கள். மார்ச் 1 அன்று அவர்கள் காணி விடுவிக்கப்பட்டது. இதை எந்தக் கட்சியும் வாங்கிக் கொடுக்கவில்லை. அந்தப் பெண்கள் எழும்பாமல் இருந்து பெற்றது அது. கேப்பாப்பிலவின் மற்றப் பகுதி மக்கள் அதற்குப் பிறகும் போராட வேண்டியிருந்தது.

அதே 2017 பெப்ரவரியில்தான் கிளிநொச்சியிலும் வவுனியாவிலும் காணாமல் ஆக்கப்பட்டவர்களின் உறவுகள் தொடர் போராட்டம் தொடங்கினார்கள். பலரும் கவனிக்காத ஒரு சிக்கல் இங்கே இருக்கிறது. வடக்குத் தமிழரின் வழமைச் சட்டமான தேசவழமையின் கீழ் வரும் மனைவிக்கு, தனக்குச் சீதனமாக வந்த காணியைக்கூட விற்கவோ ஈடு வைக்கவோ கணவனின் எழுத்துமூல சம்மதம் வேண்டும். போர் முடிவில் படையிடம் கையளித்த கணவன் எங்கே என்று தெரியாதபோது யாரிடம் போய்க் கையெழுத்து வாங்குவாள்? மாவட்ட நீதிமன்றத்தில் அனுமதி கேட்கலாம். அதற்குப் பணம் வேண்டும். மரணச் சான்றிதழ் எடுத்தால் வழி திறக்கும், ஆனால் அதை எடுப்பது தேடலைக் கைவிடுவது என்று பல பெண்கள் மறுக்கிறார்கள். இறப்பு என்று சொல்லாமல், காணாமல் போனதை மட்டும் உறுதிப்படுத்தும் சான்றிதழுக்கு 2016இல்தான் சட்டம் வந்தது. இதற்கிடையில் பல தாய்மார் பிள்ளையைக் காணாமலேயே கண்ணை மூடிவிட்டார்கள்.

இன்னொன்றையும் நான் சொல்லியே ஆக வேண்டும். 1990 ஒக்டோபரில் வடக்கு முஸ்லிம்கள் அனைவரையும் விடுதலைப் புலிகள் வெளியேற்றினார்கள். யாழ்ப்பாணத்தில் கொடுத்த அவகாசம் இரண்டு மணித்தியாலம். புத்தளத்தில் அகதிகளாக ஒரு தலைமுறையே வளர்ந்தது. போர் முடிந்து மன்னாரின் முசலிப் பக்கம் திரும்பியபோது, காடு மண்டிக் கிடந்த ஊர்களுக்கு இது வன ஒதுக்கிடம் என்ற பதில் வந்தது. அவர்களிடமும் அதே கேள்வி: உறுதி எங்கே? எங்கள் காணிக்காகக் குரல் கொடுக்கும் நாங்கள் அவர்களுக்காகவும் கொடுக்க வேண்டும். தமிழர்களாகிய எங்கள் கடமை அது.

ஆதாரம் காட்டும் பொறுப்பு அரசின் தலையில் இருக்க வேண்டும் என்பதுதான் என் நிலைப்பாடு. பிடித்து வைத்திருப்பவர் சொல்லட்டும், எந்த உரிமையில் வைத்திருக்கிறார் என்று.

அதற்காகப் போராடும் அதே நேரத்தில், வெளிநாட்டில் இருக்கும் உறவுகள் ஒரு வேலை செய்யுங்கள். உறுதி தொலைந்தாலும் அதை எழுதிய நொத்தாரிசு அனுப்பிய பிரதி காணிப் பதிவகத்தில் இருக்கக்கூடும். உறுதிப்படுத்திய நகல் எடுக்கலாம். உறுதி இலக்கம், எழுதிய ஆண்டு, நொத்தாரிசின் பெயர் தெரிந்தால் தேடுவது சுலபம். வீட்டில் அம்மம்மாவோ அப்பப்பாவோ இருந்தால் இன்றைக்கே கேட்டு எழுதி வையுங்கள்.