அக்ராவில் ஒன்றரை வருட வேலை: தனியாகப் போய்ச் சமாளிக்க முடியுமா?

அடுத்த கேள்வி. திருச்சியிலிருந்து ஒரு தம்பி கேட்டிருக்கிறார். "அண்ணா, கானா நாட்டில் அக்ராவில் ஒன்றரை வருட ஒப்பந்தத்தில் ஒரு தொழிற்சாலை வேலை வந்திருக்கிறது, வீட்டில் பயப்படுகிறார்கள், அங்கே அன்றாட வாழ்க்கை எப்படி இருக்கும், தனியாகச் சமாளிக்க முடியுமா" என்று.

முடியும் தம்பி. நானும் அங்கே வேலை பார்த்தவன்தான், அந்த ஊர் மேல் எனக்குப் பிரியம் உண்டு, அதனால் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன். அக்ரா கடலோர நகரம். நெரிசல் உண்டு, புழுக்கம் உண்டு, ஆனால் திருச்சி சித்திரை வெயில் அளவுக்கு அங்கே அடிக்காது. டிசம்பர், ஜனவரியில் மட்டும் சகாராவிலிருந்து ஹர்மத்தான் என்று ஒரு வறண்ட காற்று வரும், உதடு வெடிக்கும், துடைத்த மேஜையில் மறுபடியும் தூசி படியும். ஆட்சி மொழி ஆங்கிலம், தெருவில் ட்வியும் கா மொழியும் கேட்கும்.

நான் முக்கியமாகச் சொல்ல நினைப்பது இதைத்தான். அங்கே உங்கள் நாள் நல்லபடியாகப் போவதும் போகாததும் நீங்கள் மனிதர்களிடம் எப்படிப் பேச்சை ஆரம்பிக்கிறீர்கள் என்பதில் இருக்கிறது. கடைக்குப் போய் எடுத்த எடுப்பில் "இது என்ன விலை" என்று கேட்டால் மரியாதை தெரியாதவர் என்றுதான் நினைப்பார்கள். முதலில் குட் மார்னிங், எப்படி இருக்கிறீர்கள், வீட்டில் எல்லோரும் நலமா, அப்புறம்தான் விலை. வாசலில் இருக்கும் செக்யூரிட்டியைக் கும்பிடாத குறையாக விசாரித்துவிட்டுப் போங்கள், அவர்தான் கரண்ட் எப்போது வரும், தண்ணீர் லாரிக்கு யாரைக் கூப்பிடுவது என்று எல்லாம் சொல்வார். நாலு பேர் உட்கார்ந்திருக்கும் இடத்தில் நுழைந்தால் உங்கள் வலது கைப் பக்கம் இருப்பவரிடமிருந்து தொடங்கி வணக்கம் சொல்லுங்கள். கொடுப்பது, வாங்குவது எல்லாம் வலது கையில், அது நமக்குப் பழக்கம்தான். நம் ஆட்கள் பலர் கம்பெனி கெஸ்ட் ஹவுஸ், கம்பெனி வண்டி, இந்திய சமையல்காரர், ஞாயிற்றுக்கிழமை இந்திய மளிகைக் கடை என்றே காலத்தை ஓட்டிவிட்டு, அங்கே ஒன்றுமே இல்லை என்று சொல்லிக்கொண்டு ஊர் திரும்புகிறார்கள், அது எனக்கு உண்மையிலேயே வருத்தம். உடன் வேலை பார்ப்பவர்கள் நீங்கள் எந்தக் கிழமை பிறந்தீர்கள் என்று கேட்டு, வெள்ளி என்றால் கோஃபி, புதன் என்றால் குவாகு என்று உங்களுக்கும் ஒரு பெயர் வைப்பார்கள், ஏற்றுக்கொள்ளுங்கள். சனிக்கிழமை ஒரு இறுதிச் சடங்குக்கு அழைத்தால் தயங்காமல் போங்கள். கறுப்பும் சிவப்புமாக உடுத்தி ஊரே திரண்டு வரும், பாட்டு இருக்கும், நீங்கள் கொடுக்கும் பணத்தை நம் மொய் நோட்டு போலவே எழுதிக்கொண்டு ரசீதும் தருவார்கள். மே மாதவாக்கில் கா மக்களின் ஹோமோவோ திருவிழாவுக்கு முன்னால் ஒரு மாதம் போல மேளம், சத்தத்துக்கெல்லாம் நகரத்தில் தடை இருக்கும், அப்போது வீட்டில் பாட்டை அலற விடாதீர்கள்.

சாப்பாடு. காலையில் வாச்சே வாங்கிச் சாப்பிட்டுப் பாருங்கள், அரிசியும் தட்டைப்பயறும் சேர்த்து வேகவைத்து இலையில் கட்டித் தருவார்கள். மதியம் பாங்கு, கென்கே, இரண்டும் புளித்த மக்காச்சோள மாவுதான், பாங்கில் மரவள்ளி மாவும் சேரும், கூட ஷிட்டோ என்று கறுப்பாக ஒரு மிளகாய்த் தொக்கு. வாழைப்பழத்தில் காரம் தடவிப் பொரிக்கும் கெலவெலே சாயங்காலத்துக்கு அருமை. நீங்கள் சைவம் என்றால் "இறைச்சி வேண்டாம்" என்று சொன்னால் போதாது, மீன் போட்டுவிடுவார்கள், ஷிட்டோவில் காய்ந்த மீனும் இறாலும் இருக்கும், தனித்தனியாகச் சொல்ல வேண்டும். வெண்டைக்காய், சின்னக் கத்தரிக்காய், கொண்டோமிரே என்ற கீரை எல்லாம் சந்தையில் கிடைக்கும், ஒரு குக்கர் இருந்தால் பிழைத்துக்கொள்ளலாம்.

போக்குவரத்துக்கு ட்ரோட்ரோ. பழைய வேன், அதில் மேட் என்ற கண்டக்டர் பையன் தலையை வெளியே நீட்டி "சர்க் சர்க் சர்க்" என்று கத்தினால் வண்டி என்க்ருமா சர்க்கிளுக்குப் போகிறது என்று அர்த்தம். ஊபர், போல்ட்டும் உண்டு. பணத்துக்கு மொபைல் மணி, மோமோ என்பார்கள், தெருவோரக் கடை வரைக்கும் அதுதான். சிக்னலில் கார் கண்ணாடியை இறக்கிவிட்டு போனைக் கையில் வைத்திருக்காதீர்கள், இரவில் தெரியாத தெருவில் நடக்காதீர்கள், எந்தப் பெருநகரத்துக்கும் உள்ள எச்சரிக்கைதான்.

ஒப்பந்தத்தில் இரண்டு விஷயத்தைக் கையெழுத்துக்கு முன் கேட்டுவிடுங்கள். ஒன்று வீடு யார் பொறுப்பு, ஏனென்றால் சட்டப்படி ஆறு மாத முன்பணம்தான் என்றாலும் ஒரு வருடம், இரண்டு வருட வாடகையை மொத்தமாகக் கேட்பது அங்கே சாதாரணம். இரண்டாவது சம்பளம் செடி என்ற கானா நாணயத்திலா டாலரிலா. 2022 டிசம்பரில் அங்கே விலைவாசி உயர்வு 54 சதவீதத்தைத் தொட்டது, செடி மதிப்பு சரிந்தது, 2025-இல் அதே செடி டாலருக்கு எதிராக வேகமாக ஏறியது, ஆக இரண்டு பக்கமும் அடிபட வாய்ப்பு இருக்கிறது. செடியில் என்றால் எத்தனை மாதத்துக்கு ஒருமுறை திருத்துவார்கள் என்று எழுத்தில் வாங்குங்கள். 90 நாளுக்கு மேல் தங்கும் வெளிநாட்டவருக்கு அங்கே தனி அடையாள அட்டை வேண்டும், அந்தச் செலவு யாருடையது என்பதையும் கேளுங்கள்.

கடைசியாக உடம்பு. மஞ்சள் காய்ச்சல் தடுப்பூசி கட்டாயம், கிண்டி கிங் இன்ஸ்டிடியூட் மாதிரி அனுமதி பெற்ற இடத்தில்தான் போட வேண்டும், சான்றிதழ் பத்து நாள் கழித்துத்தான் செல்லும், அதனால் கடைசி வாரத்துக்குத் தள்ளாதீர்கள். திரும்பி வரும்போது அந்தச் சான்றிதழான மஞ்சள் புத்தகம் கையில் இல்லையென்றால் இந்தியாவில் இறங்கியதும் தனிமைப்படுத்தி வைத்துவிடுவார்கள். மலேரியா அங்கே வருடம் முழுக்க உண்டு, தடுப்பு மாத்திரை பற்றி போகும் முன்பே டாக்டரிடம் கேளுங்கள், கொசுவலைக்குள் தூங்குங்கள், காய்ச்சல் வந்தால் பாராசிட்டமாலில் ஒரு நாள்கூடக் கடத்தாமல் அன்றைக்கே ரத்தப் பரிசோதனை செய்யுங்கள். ஊருக்கு வந்து சில மாதம் கழித்துக் காய்ச்சல் வந்தாலும் மேற்கு ஆப்பிரிக்காவில் இருந்தேன் என்று டாக்டரிடம் முதல் வார்த்தையாகச் சொல்லுங்கள். அங்கே பரவும் மலேரியா வகை மூளை வரை போகக்கூடியது, நம் டாக்டர் சாதாரண வைரஸ் காய்ச்சல் என்று நினைத்துவிடக் கூடாது.