நூறும் இருபதும்

நேயர்களுக்கு வணக்கம்.

மனநல ஆலோசகர் ஒருவர் கேட்கிறார்: "சூதாடும்போது கிடைக்கும் கிளர்ச்சிக்கு நூற்றுக்கு எவ்வளவு போடுவீர்கள்?" எதிரே இருப்பவர் 100 என்கிறார். "சூதாட்டத்துக்கு வெளியே, வாழ்நாளில் கிடைத்த பெரிய கிளர்ச்சிக்கு?" 20 என்கிறார்.

2003இல் வந்த 'ஓனிங் மஹவ்னி' படத்தில் வரும் உரையாடல் இது. ரிச்சர்ட் க்வியட்னியவ்ஸ்கி இயக்கிய படம். டொராண்டோ நகரத்து வங்கி உதவி மேலாளர் டான் மஹவ்னியாக பிலிப் சீமோர் ஹாஃப்மன் நடித்திருக்கிறார். கதை உண்மைச் சம்பவம்தான். 1980க்கும் 1982க்கும் இடையில், ஏறத்தாழ ஒன்றரை ஆண்டில், அந்த ஊர் வங்கி அதிகாரி ஒருவர் 1 கோடியே 2 லட்சம் கனடிய டாலரைக் கையாடிச் சூதாடித் தீர்த்தார். ஆறு ஆண்டு சிறைத்தண்டனை கிடைத்தது.

படத்தைப் பார்த்த பலர் சொல்லும் குறை ஒன்று உண்டு. கதாநாயகன் சிரிப்பதே இல்லை, ஜெயித்தாலும் துள்ளுவதில்லை, இவ்வளவு பணம் புரள்கிற படம் ஏன் இப்படி மந்தமாக இருக்கிறது என்பார்கள். எனக்கு அதுதான் படத்தின் பலமாகத் தெரிகிறது. சூதாட்டப் படங்களில் பெரும்பாலானவை கடைசி ஆட்டத்தை நோக்கி ஓடும். சீட்டு திரும்பும், கூட்டம் ஆர்ப்பரிக்கும். சூதுக்கு அடிமையானவருக்குக் கடைசி ஆட்டம் என்று ஒன்று கிடையாது. ஜெயித்த பணம் அவருக்கு மேஜையில் இன்னும் கொஞ்ச நேரம் உட்கார அனுமதிச் சீட்டு, அவ்வளவுதான்.

பேஸ்பால் பந்தயக் காட்சியைக் கவனியுங்கள். எந்த அணி மேல் கட்டுவது என்று மஹவ்னி ஆராய்வதே இல்லை. ஒரு லீக்கில் சொந்த ஊரில் ஆடும் அணிகள் எல்லாம், இன்னொரு லீக்கில் வெளியூர் போய் ஆடும் அணிகள் எல்லாம் என்று மொத்தமாகச் சொல்லிவிடுகிறான். யார் ஜெயிப்பார்கள் என்பது அவனுக்குப் பொருட்டல்ல, ஆட்டம் ஓடிக்கொண்டிருக்க வேண்டும். கேசினோ எதைக் கொடுத்து மயக்கப் பார்த்தாலும் அவன் கேட்பது சாஸ் ஊற்றாத பன்றி விலா இறைச்சியும் ஒரு கோக்கும்தான். இழக்க இழக்கச் சூதின் மேல் காதல் கூடும் என்று வள்ளுவர் 'சூது' அதிகாரத்தின் கடைசிக் குறளில் சொல்லியிருக்கிறார். மேடைகளில் அந்த அதிகாரத்தின் முதல் குறளைத்தான் எல்லோரும் எடுப்பார்கள். நோயை இன்னும் நெருங்கிப் பார்த்தது இந்தக் கடைசிக் குறள்.

இனி கேசினோவின் கணக்கு. ஜான் ஹர்ட் நடித்த கேசினோ மேலாளர் கேமரா வழியே மஹவ்னியைப் பார்த்துக்கொண்டே இருப்பார். அவன் ஜெயிக்கும்போதும் அவர் கலங்க மாட்டார். அவன் எழுந்து போய்விடுவானோ என்பதுதான் அவருடைய கவலை. ஏன் என்பதை ஒரு கணக்குப் போட்டுப் பார்த்துவிடலாம்.

பாக்கரா என்ற சீட்டாட்டத்தில் 'பேங்கர்' பக்கம் கட்டினால் கேசினோவுக்குக் கிடைக்கும் அனுகூலம் 1.06 சதவீதம்தான். நூறு டாலருக்கு ஒரு டாலர் சொச்சம். கிராப்ஸ் பகடையில் அடிப்படைப் பந்தயத்துக்கு 1.41 சதவீதம், இரண்டு பூஜ்யம் உள்ள அமெரிக்க ரூலெட் சுழல்சக்கரத்தில் 5.26. ஒருவர் ஆட்டத்துக்கு 10,000 டாலர் வீதம் மணிக்கு 70 ஆட்டம் பாக்கரா ஆடுகிறார் என்று வைத்துக்கொள்வோம். ஒரு மணி நேரத்தில் மேஜையில் புரளும் பந்தயம் 7 லட்சம் டாலர். அதில் கேசினோவின் பங்கு சராசரியாக 7,400. ஆனால் அதே ஒரு மணி நேரத்தில் அதிர்ஷ்டத்தால் மட்டுமே 75,000 டாலர் அளவுக்கு ஏறவோ இறங்கவோ கூடும். பத்து மடங்கு இரைச்சலுக்குள் அந்த 7,400 ஆடுபவருக்குக் கேட்கவே கேட்காது. கேசினோவின் பங்கு நேரத்தோடு நேர்விகிதத்தில் வளரும். அதிர்ஷ்டத்தின் ஏற்ற இறக்கமோ நேரத்தின் வர்க்கமூல அளவில்தான் வளரும். சுமார் 110 மணி நேரத்தில் இரண்டும் சமமாகும். அதற்குமேல் ஆட ஆட அதிர்ஷ்டத்தின் கை தளர்ந்துகொண்டே போகும். இலவச அறை, சாப்பாடு, விமானம் எல்லாம் அந்த மணி நேரங்களை வாங்கக் கொடுக்கும் விலை.

இதுவும் ஒரே தொகையை நிதானமாகக் கட்டுபவருக்கான கணக்குத்தான். விட்டதைப் பிடிக்கப் பந்தயத்தை இரட்டிப்பாக்குகிறவர் 110 மணி நேரமெல்லாம் தாங்க மாட்டார். நாலைந்து ஆட்டம் தொடர்ந்து தோற்றாலே கைப்பணம் தீர்ந்துவிடலாம். பணத்துக்குப் பதில் பிளாஸ்டிக் வில்லைகள் தருவதற்கும் காரணம் உண்டு. வில்லையைத் தள்ளும்போது பணம் போகிறது என்ற வலி அவ்வளவாகத் தைப்பதில்லை.

வங்கிப் பக்கம் வருவோம். மஹவ்னி பெட்டகத்தை உடைக்கவில்லை. கடன் கொடுக்கும் அதிகாரம் அவன் கையில் இருக்கிறது. பொய்யான கடன் ஒன்றை எழுதுகிறான். தவணை வரும்போது அதைவிடப் பெரிய கடனை எழுதி முதல் கடனை அடைக்கிறான். ஏட்டில் எல்லாக் கடனும் ஒழுங்காக நடக்கும், தொகை மட்டும் வீங்கிக்கொண்டே போகும். படத்தின் தொடக்கத்தில் அவன் புக்கிக்கு, அதாவது பந்தயத் தரகருக்கு, தர வேண்டியது பத்தாயிரம் டாலர் சொச்சம்தான். முடிவில் வங்கியிலிருந்து எடுத்த தொகை அதைப்போல் ஏறத்தாழ ஆயிரம் மடங்கு. இப்படிப்பட்ட மோசடியில் இருப்பவர் ஒரு நாள்கூட விடுப்பு எடுக்க முடியாது, வேறொருவர் கோப்பைத் திறந்துவிடுவார். கடன் பொறுப்பில் இருப்பவர்களைக் கட்டாய விடுப்பில் அனுப்பும் வழக்கம் வங்கிகளில் இருப்பது இதற்காகத்தான். தன் பார்வையில் அவன் திருடவும் இல்லை, "கடன்" வாங்கியிருக்கிறான், ஒரு நல்ல ராத்திரி அமைந்தால் திருப்பி வைத்துவிடுவான்.

இந்தக் கையாடல் தொடங்கிய அதே 1980இல்தான் அமெரிக்க மனநல மருத்துவச் சங்கம் தன் நோய்க் கையேட்டில் சூதாட்ட நோயை முதன்முதலாகச் சேர்த்தது. திருட்டு வெறி, தீவைக்கும் வெறி ஆகியவற்றின் பக்கத்தில் அப்போது இடம் கிடைத்தது. 2013இல்தான் மது, போதைப்பொருள் அடிமைத்தனத்தோடு ஒரே அத்தியாயத்துக்கு வந்தது. ஒன்பது அறிகுறிகளில் நான்கு, ஓர் ஆண்டுக்குள் தெரிந்தால் நோய். தொகையைக் கூட்டிக்கொண்டே போவது, விட்டதைப் பிடிக்க இன்னொரு நாள் திரும்புவது, பொய் சொல்வது, உறவைப் பணயம் வைப்பது எல்லாம் அந்தப் பட்டியலில் இருக்கின்றன, படத்திலும் இருக்கின்றன. முன்பு பத்து அறிகுறிகளில் ஒன்றாக இருந்த 'சட்டவிரோதச் செயல்' 2013இல் நீக்கப்பட்டது. வங்கியில் கை வைத்தால்தான் நோயாளி என்றில்லை. மாதச் சம்பளத்தை மட்டும் தோற்பவரும் நோயாளியாக இருக்கலாம்.

படத்தின் மேல் எனக்கிருக்கும் குறை இங்கேதான். மினி டிரைவர் நடித்த காதலியின் தவிப்பை அழகாகக் காட்டுகிறது, ஆனால் மீளும் வழியை ஓரிரு கேள்வி பதிலோடு தாண்டிவிடுகிறது. நடைமுறையில் முதல் வேலை பணத்துக்கும் சூதாடுபவருக்கும் நடுவே தடுப்பு வைப்பது. சம்பளம் வேறொருவர் பார்க்கும் கணக்குக்குப் போக வேண்டும். கடன் அட்டை கூடாது. கேசினோவிலும் செயலிகளிலும் தன்னை அனுமதிக்க வேண்டாம் என்று தானே எழுதிக் கொடுக்கும் ஏற்பாடு பல நாடுகளில் உண்டு, அதைப் பயன்படுத்த வேண்டும். இதோடு "இத்தனை முறை தோற்றாயிற்று, அடுத்தது எனக்குத்தான்" என்ற எண்ணத்தை அவிழ்க்கும் உளவியல் சிகிச்சை. குடும்பம் செய்யும் பெரிய தவறு, கண்ணீரோடு வந்தவுடன் மொத்தக் கடனையும் ஒரே தவணையில் அடைத்துவிடுவது. கடன் இல்லாத கை மறுபடி மேஜைக்குப் போகும். யார் யாருக்கு எவ்வளவு என்று முழுப் பட்டியலையும் அவரே எழுத வேண்டும். கடன் கொடுத்தவரிடம் குடும்பம் நேராகப் பேசி, சூதாடியவருடைய வருமானத்திலிருந்தே மாதா மாதம் போகும்படி செய்ய வேண்டும். முதல் பட்டியலில் ஒரு கடனாவது மறைந்திருக்கும். இரண்டு வாரம் கழித்து இன்னொரு முறை எழுதச் சொல்லுங்கள்.