ஐக்யூ எண் என்ன சொல்கிறது? அந்த எண்ணோடு வாழ்வது எப்படி?

[திரையில் மூன்று அறிக்கைத் தாள்கள். முதல் தாளில் 130, இரண்டாவதில் 132, மூன்றாவதில் 148.]

வணக்கம். இவை மூன்று பேருடைய நுண்ணறிவுச் சோதனை முடிவுகள் என்று வைத்துக்கொள்வோம். மூவரில் யார் கெட்டிக்காரர் என்று கேட்டால், எல்லாருடைய விரலும் 148-ஐத்தான் காட்டும். உண்மையில் மூவரும் ஒரே இடத்தில் நிற்கிறார்கள். முதலாமவர் எடுத்தது வெக்ஸ்லர் சோதனை. இரண்டாமவருடையது ஸ்டான்ஃபோர்டு-பினே சோதனையின் பழைய பதிப்பு. மூன்றாமவருடையது ரேமண்ட் கேட்டல் (Cattell) என்ற உளவியலாளர் உருவாக்கிய சோதனை. மூன்றிலும் சராசரி 100தான். ஆனால் மக்கள் அந்தச் சராசரியிலிருந்து எவ்வளவு விலகி நிற்கிறார்கள் என்பதை அளக்கும் அலகான திட்டவிலக்கம் முதல் சோதனையில் 15, அடுத்ததில் 16, கடைசியில் 24. மூவருமே சராசரிக்கு மேல் இரண்டு திட்டவிலக்கத் தொலைவில் இருக்கிறார்கள். அதனால், எந்தச் சோதனை என்று சொல்லாமல் ஒருவர் தன் ஐக்யூ 148 என்று மட்டும் சொன்னால், அவர் இன்னும் எதையும் சொல்லிவிடவில்லை.

[திரையில் மணி வடிவ வளைகோடு.]

ஐக்யூ 100 என்பது நூற்றுக்கு நூறு அல்ல. அது நடுவில் இருப்பவருடைய இடம். இந்த எண் ஓட்டப் பந்தயத்தில் ஒருவர் எத்தனையாவதாக வந்தார் என்பதைப் போன்றது. அவர் எவ்வளவு வேகமாக ஓடினார் என்பதை அது சொல்வதில்லை. அதே வயதுடையவர்கள், அதே கேள்விகள், அந்த வரிசையில் உங்கள் இடம். அவ்வளவுதான். அதனால் 140 எடுத்தவர் 70 எடுத்தவரைவிட இரண்டு மடங்கு அறிவாளி என்று சொல்வதற்குப் பொருளே கிடையாது.

வெக்ஸ்லர் கணக்கில் மூன்றில் இரண்டு பங்குக்கும் சற்று அதிகமானோர் 85-க்கும் 115-க்கும் இடையில் வருவார்கள். 130-க்கு மேல் நூற்றுக்கு இரண்டு பேர். 1946-இல் ஆக்ஸ்ஃபோர்டில் தொடங்கப்பட்ட மென்சா அமைப்பு இந்த மேல் இரண்டு சதவீதத்தைத்தான் உறுப்பினராகச் சேர்த்துக்கொள்கிறது. 145-க்கு மேல் போனால் ஆயிரத்துக்கு ஒருவர் அல்லது இருவர்.

அதற்கும் மேலே 160, 180, 200 என்று சொல்லப்படும் எண்களை எப்படி எடுத்துக்கொள்வது? ஒரு சிறு கணக்கு போட்டுப் பாருங்கள். 2008-இல் வந்த வெக்ஸ்லர் பெரியவர் சோதனையின் நான்காம் பதிப்புக்கு அளவுகோலாக இருந்தவர்கள் 2200 பேர். அவர்களில் 145-க்கு மேல் வரக்கூடியவர்கள் மொத்தமே மூன்று பேர். 160 என்பது முப்பதாயிரத்தில் ஒருவர். அப்படி ஒருவர்கூட அந்தக் கூட்டத்தில் இருந்திருக்க வாய்ப்பு மிகக் குறைவு. ஒப்பிட ஆளே இல்லாத இடத்தில் துல்லியமாக வரிசை எண் கொடுப்பது எப்படி? இந்தத் திறன் மிக அரிது என்று சொல்லலாம். 171-க்கும் 176-க்கும் வித்தியாசம் சொல்ல முடியாது.

[திரையில் பாரிஸ், 1905.]

இந்த எண்ணின் கதை பாரிஸில் தொடங்குகிறது. வகுப்பில் பின்தங்கும் பிள்ளைகளில் யாருக்குத் தனிக் கவனம் தேவை என்று கண்டறிய ஆல்ஃபிரட் பினேயும் தியோடோர் சிமோனும் 1905-இல் முப்பது பணிகள் கொண்ட ஒரு சோதனையை வெளியிட்டார்கள். முதல் பணி, எரியும் தீக்குச்சியைக் குழந்தை கண்ணால் பின்தொடர்கிறதா என்று பார்ப்பது. போகப் போகக் கடினமாகும். உதவி செய்வதற்காக ஆள் தேடிய கருவி அது. ஒரு பிள்ளையின் அறிவு மாறாத அளவு கொண்டது என்ற எண்ணத்தை பினே கடுமையாக எதிர்த்தார். அவர் 1911-இல் இறந்தார். அடுத்த ஆண்டு ஜெர்மானிய உளவியலாளர் வில்லியம் ஸ்டெர்ன், மனவயதை உடல்வயதால் வகுக்கும் முறையைக் கொண்டுவந்தார். 1916-இல் அமெரிக்காவின் லூயிஸ் டெர்மன் அதை 100-ஆல் பெருக்கும் முறையைப் பரவலாக்கினார். பத்து வயதுப் பிள்ளை பன்னிரண்டு வயதுக்குரிய கேள்விகளுக்கு விடை சொன்னால் 120. சரி, நாற்பது வயதுக்காரரை என்ன செய்வது? அறுபது வயதுக்குரிய மனவயது என்று ஒன்று இல்லையே. இந்தச் சிக்கலைத் தீர்த்தவர் டேவிட் வெக்ஸ்லர். 1939-இல் அவர் வகுத்தலைக் கைவிட்டு, ஒத்த வயதினருடன் ஒப்பிடும் இன்றைய முறைக்கு மாறினார்.

இடையில் ஒரு கறுப்புப் பக்கமும் உண்டு. அமெரிக்காவில் குறைந்த மதிப்பெண்ணைக் காரணம் காட்டி ஆயிரக்கணக்கானவர்களுக்குக் கட்டாயக் கருத்தடை செய்தார்கள். யார் பிள்ளை பெறலாம், யார் பெறக் கூடாது என்று கட்டுப்படுத்தி மனித இனத்தை மேம்படுத்தலாம் என்ற இந்த இனமேம்பாட்டுக் கொள்கையை டெர்மனே ஆதரித்தவர். உதவிக்காகப் பிறந்த ஓர் அளவுகோல் தீர்ப்பு எழுதும் கோலாக மாறியதை மறந்துவிட்டு இதைப் பற்றிப் பேசக் கூடாது என்று நான் உறுதியாக நம்புகிறேன்.

[திரையில் ஒரு மேசை, எதிரெதிரே இரண்டு நாற்காலிகள், சிவப்பு வெள்ளைக் கட்டைகள், ஒரு நிறுத்தக் கடிகாரம்.]

சோதனை அறைக்குள் வருவோம். உளவியலாளர் எதிரே உட்கார்ந்திருக்கிறார். அவர் நொடிக்கு ஓர் எண் வீதம் வாசிக்கிறார்: ஏழு, இரண்டு, ஒன்பது, நான்கு. நீங்கள் அப்படியே திருப்பிச் சொல்ல வேண்டும். வரிசை நீண்டுகொண்டே போகும். பிறகு, கேட்டதைக் கடைசி எண்ணிலிருந்து தொடங்கித் தலைகீழாகச் சொல்ல வேண்டும். கேட்ட வரிசையிலேயே சொல்லும்போது காது மட்டும் போதும். தலைகீழாகச் சொல்லும்போது எண்களை மனத்தில் பிடித்துவைத்துக்கொண்டே புரட்ட வேண்டும். இங்கேதான் பலருடைய நெற்றி சுருங்கும். இது செயல்படு நினைவுக்கான பகுதி. அடுத்து, பக்கங்களில் சிவப்பும் வெள்ளையும் இரண்டும் கலந்தும் இருக்கும் கட்டைகள். ஒரு வடிவத்தைப் பார்த்து அதைப் போலவே அடுக்க வேண்டும். கடிகாரம் ஓடிக்கொண்டிருக்கும். இன்னொரு பகுதியில் ஒவ்வொரு எண்ணுக்கும் உரிய குறியீட்டை, கொடுத்த நேரத்துக்குள் முடிந்தவரை எழுதிக்கொண்டே போக வேண்டும். சொற்களுக்குப் பொருள் சொல்லவும், இரண்டு பொருள்களுக்குள் உள்ள ஒற்றுமையைச் சொல்லவும் கேள்விகள் உண்டு.

இவற்றையெல்லாம் சேர்த்து ஒரே எண்ணாக்கும்போது சில நேரங்களில் முக்கியமான செய்தி தொலைந்துபோகிறது. மொழிப் பகுதியில் 138, வேகப் பகுதியில் 96 எடுத்த ஒரு சிறுவனைக் கற்பனை செய்துகொள்ளுங்கள். மொத்த எண் நடுவே எங்கோ வந்து நிற்கும். வாயால் கேட்டால் அபாரமாக விளக்குவான். அதையே தாளில் எழுதச் சொன்னால் பாதியில் நேரம் முடிந்துவிடும். வகுப்பில் அவனுக்குச் சோம்பேறி என்று பெயர். மொத்த எண்ணை மட்டும் பார்த்தவர்களுக்கு அவனுடைய திறமையும் தெரியாது, சிரமமும் தெரியாது. அறிக்கை கையில் வந்தால் முதலில் பகுதி மதிப்பெண்களைப் படியுங்கள்.

அடுத்து, எண்ணுக்குப் பக்கத்தில் சிறிய எழுத்தில் ஒரு வீச்சு அச்சிடப்பட்டிருக்கும். 130 என்றால் 125 முதல் 133 வரை என்பது போல. உண்மையான இடம் இதற்குள் எங்கோ இருக்கிறது என்பதே பொருள். 129 எடுத்த பிள்ளையைச் சிறப்பு வகுப்பிலிருந்து தள்ளிவிட்டு 130 எடுத்த பிள்ளையைச் சேர்த்துக்கொள்வது அந்தச் சிறிய எழுத்தைப் படிக்காததன் விளைவு. எனக்கு இது நியாயமாகவே படவில்லை.

சோதனையின் பதிப்பு ஆண்டையும் பாருங்கள். ஜேம்ஸ் ஃப்ளின் என்ற ஆய்வாளர் 1980-களில் பல நாடுகளின் தரவுகளைத் தொகுத்தார். இருபதாம் நூற்றாண்டு முழுவதும் பத்து ஆண்டுகளுக்குச் சுமார் மூன்று புள்ளிகள் வீதம் மக்களின் மதிப்பெண் ஏறிக்கொண்டே வந்திருப்பதை அவர் காட்டினார். பழைய தலைமுறையோடு ஒப்பிட்டால் எண் பெரிதாகத் தெரியும். ஆகவே முப்பது ஆண்டுப் பழைய அளவுகோல் யாரையும் சற்று உயர்த்தியே காட்டும். நார்வே போன்ற சில நாடுகளில் 1970-களின் நடுப்பகுதிக்குப் பிறகு பிறந்தவர்களிடம் இந்த ஏற்றம் இறக்கமாக மாறியிருக்கிறது. இணையத்தில் இருபது கேள்விகள் கேட்டு 150 என்று சான்றிதழ் கொடுக்கும் சோதனைகளைப் பற்றி நேரம் செலவிட வேண்டாம்.

[திரை வெறுமையாகிறது. பிறகு ஒரு வகுப்பறை.]

அப்படியானால் இந்த எண் பயனற்றதா? இல்லை. உளவியலில் இவ்வளவு நம்பகமாக அளக்கக்கூடியவை மிகக் குறைவு. 1932 ஜூன் 1-ஆம் தேதி ஸ்காட்லாந்தில் பதினொரு வயதுப் பிள்ளைகள் சுமார் 87,000 பேர் ஒரே நாளில் ஒரு சோதனை எழுதினார்கள். பல பத்தாண்டுகள் கழித்து உளவியலாளர் இயன் டியரியின் குழு அவர்களில் சிலரைத் தேடிப்பிடித்து அதே சோதனையை மீண்டும் எழுதச் சொன்னது. பதினொரு வயதில் முன்னால் நின்றவர்கள் பெரும்பாலும் எழுபது வயது கடந்தும் முன்னாலேயே நின்றார்கள். அவர்கள் நீண்ட நாள் வாழும் வாய்ப்பும் சற்று அதிகமாக இருந்தது. படிப்பில் பெறும் மதிப்பெண்ணோடும் இந்த எண்ணுக்கு நல்ல தொடர்பு உண்டு.

ஆனால் தொடர்பு வேறு, விதி வேறு. டெர்மன் 1921-இல் அதிக மதிப்பெண் பெற்ற சுமார் 1500 பிள்ளைகளைத் தேர்ந்தெடுத்து வாழ்நாள் முழுவதும் கவனிக்கத் தொடங்கினார். அவர்களில் பெரும்பாலோர் நன்றாகவே வாழ்ந்தார்கள். நோபல் பரிசு ஒருவருக்கும் வரவில்லை. சோதனையில் போதிய மதிப்பெண் இல்லாமல் விடுபட்ட பிள்ளைகளில் வில்லியம் ஷாக்லியும் லூயிஸ் ஆல்வாரெஸும் இருந்தார்கள். ஷாக்லி 1956-இலும் ஆல்வாரெஸ் 1968-இலும் இயற்பியல் நோபல் பெற்றார்கள்.

இனி, அந்த எண் உயரமாக இருப்பவரின் அன்றாட வாழ்க்கை. அறிவு கூடினால் மனநோய் கூடும் என்று ஒரு நம்பிக்கை பரவலாக உண்டு. லட்சக்கணக்கானோரின் உடல்நலத் தகவல்களைத் திரட்டிவைத்திருக்கும் பிரிட்டனின் பயோபேங்க் தரவைக் கொண்டு 2022-இல் வெளியான பெரிய ஆய்வு இதை ஏற்கவில்லை. உயர் திறன் உள்ளவர்களிடம் மனநலக் கோளாறுகள் அதிகமாக இல்லை. பதற்றம் சற்றுக் குறைவாகவே இருந்தது. நம்பிக்கை ஏன் நீடிக்கிறது என்றால், உளவியலாளரிடம் வருகிற கெட்டிக்காரர்களை மட்டும் பார்த்துவிட்டு எல்லாரும் இப்படித்தான் என்று முடிவு கட்டுவதால்தான்.

தனிமை வேறு விஷயம். லீட்டா ஹாலிங்வொர்த் என்ற உளவியலாளர் மிக உயர்ந்த திறனுள்ள பிள்ளைகளை நெருங்கிக் கவனித்தவர். ஓரளவு உயர்ந்த திறன் உள்ளவர்களுக்கு நட்பும் தலைமையும் எளிதாக அமைகின்றன, மிக மேலே போனால் பேச்சுத்துணை கிடைப்பதே அரிதாகிவிடுகிறது என்று அவர் கண்டார். ஏழு வயதுப் பெண் மரணத்தைப் பற்றிப் பதினொரு வயதுக்காரிபோலக் கேள்வி கேட்பாள். அடுத்த நிமிடம் பொம்மை உடைந்ததற்கு ஏழு வயதுக்குரிய அழுகையை அழுவாள். இவ்வளவு புரிகிற பிள்ளை இதற்கா அழுகிறாய் என்று பெரியவர்கள் கேட்கிறார்கள். தயவுசெய்து அப்படிக் கேட்காதீர்கள். அவளுடைய சிந்தனைதான் முன்னே ஓடியிருக்கிறது, வயது அங்கேயே இருக்கிறது. தன்னோடு ஈடுகொடுத்துப் பேசும் ஓரிருவரை, வயது எதுவானாலும், அவளுக்குத் தேடிக் கொடுப்பது பெற்றோர் செய்யக்கூடிய பெரிய உதவி. வகுப்பு தாண்டி மேல் வகுப்பில் சேர்ப்பது பற்றிய ஆய்வுகளும் பெரும்பாலும் சாதகமாகவே இருக்கின்றன.

நான் அதிகம் கவலைப்படுவது இன்னொன்றைப் பற்றி. எல்லாம் எளிதாக வரும் பிள்ளைக்குத் திணறுவதில் பழக்கம் இருக்காது. உளவியலாளர்கள் கிளாடியா மியூலரும் கேரல் டுவெக்கும் 1998-இல் வெளியிட்ட ஆய்வில், புதிர்களைப் போட்டு முடித்த ஐந்தாம் வகுப்புப் பிள்ளைகளில் ஒரு பகுதியினரை நீ புத்திசாலி என்று பாராட்டினார்கள். இன்னொரு பகுதியினரை நன்றாக உழைத்தாய் என்று பாராட்டினார்கள். புத்திசாலி என்று கேட்டவர்கள் அடுத்து எளிய புதிர்களையே விரும்பினார்கள். கடினமானதில் தோற்றபின், முன்பு போட்டதை விடவும் மோசமாகப் போட்டார்கள். தங்கள் மதிப்பெண்ணை எழுதச் சொன்னபோது அவர்களில் ஐந்தில் இரண்டு பேர் கூட்டி எழுதினார்கள். ஒரே ஒரு வாக்கியப் பாராட்டின் விளைவு இது. பத்து ஆண்டுகள் தினமும் இதையே கேட்டு வளர்ந்த பிள்ளை, கல்லூரியில் முதல்முறையாக ஒரு பாடம் புரியாமல் போகும்போது, இது கடினமான பாடம் என்று நினைப்பதில்லை. நான் புத்திசாலியே இல்லை என்று நினைக்கிறது. புத்தகத்தை மூடிவைத்துவிடுகிறது. ஆகவே ஓர் இசைக்கருவியோ, நீச்சலோ, புதிய மொழியோ, உடனடியாகக் கைவராத ஏதாவது ஒன்று அந்தப் பிள்ளையின் வாரத்தில் எப்போதும் இருக்கட்டும்.

பெரியவர்களுக்கு வேறு ஒரு பொறி. தன் கருத்துக்கு ஏற்றபடி ஆதாரங்களை வளைக்கும் பழக்கம் அறிவு கூடக் கூடக் குறைவதில்லை என்பது உளவியலாளர்கள் கீத் ஸ்டனோவிச்சும் ரிச்சர்ட் வெஸ்ட்டும் செய்த ஆய்வுகளின் முடிவு. லைனஸ் பாலிங் வேதியியலுக்கு ஒன்று, அமைதிக்கு ஒன்று என இரண்டு நோபல் பெற்றவர். அதிக அளவு வைட்டமின் சி புற்றுநோயாளிகளுக்கு உதவும் என்று அவர் விடாமல் வாதாடினார். அமெரிக்காவின் மேயோ கிளினிக் மருத்துவமனை நடத்திய பரிசோதனைகள் அப்படிப் பலன் எதையும் காட்டவில்லை. அவர் கடைசிவரை விட்டுக்கொடுக்கவில்லை. வேகமாகச் சிந்திப்பவரிடம் தன் தவறுக்கு வக்காலத்து வாங்கும் வாதங்களும் வேகமாகவே சுரக்கும். எதிரில் இருப்பவர் மெதுவாகப் பேசுகிறார் என்பதற்காக அவருடைய வாக்கியத்தை நீங்கள் முடித்துவைக்காதீர்கள். அவர் சொல்லவந்தது வேறாக இருக்கலாம்.

[திரையில் மீண்டும் சோதனை அறை.]

சோதனை எடுக்கலாமா என்று கேட்டால், அதன் விடையால் ஏதாவது ஒரு முடிவு மாறுமா என்று முதலில் பாருங்கள். பிள்ளை படிப்பில் ஏன் தடுமாறுகிறது, மேல் வகுப்புக்கு அனுப்பலாமா, விபத்துக்குப் பிறகு மூளையின் எந்தத் திறன் பாதிக்கப்பட்டிருக்கிறது என்பவை போன்ற கேள்விகள் இருந்தால் பயிற்சி பெற்ற உளவியலாளரிடம் போங்கள். கேள்வியை முன்கூட்டியே அவரிடம் சொல்லிவிடுங்கள். முந்தைய நாள் பிள்ளையை நன்றாகத் தூங்க வையுங்கள். காய்ச்சல் என்றால் தள்ளிப்போடுங்கள். எண் பிடிக்கவில்லை என்று அடுத்த மாதமே அதே சோதனைக்குப் போகாதீர்கள். கேள்விகள் பழகிவிட்டதால் மட்டுமே மதிப்பெண் சில புள்ளிகள் ஏறிவிடும், அதை வைத்து எதையும் சொல்ல முடியாது.